பழைய ஜப்பானியத் தேநீர்க் கிண்ணங்கள்: அன்றாடம் புழங்கலாமா?

கூழாங்கல் (கேள்வி)

வணக்கம். ஷோவா காலத்து (1926–1989) மாட்சா கிண்ணங்கள், அதாவது பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிக் குடிப்பவை, மூன்று இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்கும் எண்ணமில்லை, புழங்கத்தான் போகிறேன். அளந்து குறித்தவற்றைத் தருகிறேன்.

முதலாவது ஹகி என்ற ஊரின் மண்கிண்ண வகை. வாய் 12.4 செ.மீ., உயரம் 8 செ.மீ., உலர்ந்த எடை 312 கிராம். வெளிர் ரோஜா கலந்த பழுப்பு. உள்ளும் புறமும் கிளேஸில் (கண்ணாடி போன்ற மேற்பூச்சில்) நுண்ணிய விரிசல் வலை. அடிவளையத்தில் ஓரிடத்தில் ஆப்பு வடிவில் வெட்டிவிட்டிருக்கிறது. மரப்பெட்டி உண்டு, மூடியில் மை எழுத்தும் சிவப்பு முத்திரையும் உள்ளன.

இரண்டாவது கறுப்பு ராக்கு என்று விற்கப்பட்டது. வாய் 11.5, உயரம் 8.2 செ.மீ. பெட்டி இல்லை. வெளிப்பக்கத்தில் இடுக்கி கவ்விய தடம்போல் ஒரு வடு.

மூன்றாவது கியோட்டோ பாணி. வெளியே பூவேலை, தங்கக் கோடு. விளிம்பில் அரிசிமணி அளவுக்குச் சில்லு போயிருக்கிறது.

கேள்விகள்: ஹகியில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் வைத்தால் அடி ஈரமாகிறது. விரிசலா? அதன் உட்புறத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிகின்றன. ஹகி நிறம் மாறும் என்கிறார்களே, அதுதானா, பூஞ்சையா? ராக்குவில் குடிப்பது பாதுகாப்பா? சில்லைத் தங்கப் பூச்சு வைத்துச் சரிசெய்யலாமா? கடைசியாக, ததாமி (ஜப்பானியத் தரைப்பாய்) அறை இல்லாத அடுக்குமாடி வீட்டில் இவற்றை எங்கே, எப்படி வைப்பது?

---

ஈரமண்

நண்பரே, எடை எடுத்து வைத்தீர்களே, அதுதான் எல்லாவற்றுக்கும் உதவப் போகிறது. ஹகியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹகி மண் சூளையில் முழுதாக இறுகுவதில்லை, உடம்பெல்லாம் நுண்துளை. மேலே உள்ள கிளேஸ் ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் வலைபோல வெடிக்கிறது. இதைக் கன்னியூ என்பார்கள். குறை அல்ல, அந்த வகையின் இயல்பே அது. அடிவளையத்து வெட்டும் அப்படித்தான். 1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியா மீது நடத்திய படையெடுப்புகளின்போது அங்கிருந்து அழைத்துவரப்பட்ட குயவர்கள் தொடங்கிய சூளை ஹகி. கொரியக் கிண்ணங்களின் அந்த வழக்கம் ஹகியில் இன்றும் தொடர்கிறது.

ஆகவே அடி ஈரமாவது மட்டும் விரிசலுக்குச் சான்றாகாது. இப்படிச் சோதியுங்கள். நன்றாக உலர்ந்த கிண்ணத்தை வெள்ளை மெல்லிழைத்தாள் மேல் வைத்து, வெதுவெதுப்பான நீர் பாதி நிரப்பி 30 நிமிடம் விடுங்கள். அடிவளையம் முழுக்கச் சீராகக் கருத்து, தாளில் வட்டமாக ஈரம் படிந்தால் மண் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் கோடாக ஈரம் இறங்கினால், அல்லது வெளிச்சுவரில் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு மட்டும் முதலில் கருத்தால், அது மயிரிழை விரிசல். ஜப்பானிய விற்பனைக் குறிப்புகளில் ‘நியூ’ என்று போடுவது இதைத்தான். விளிம்புச் சில்லு ‘ஹொட்சு’. இவ்விரண்டு சொற்களையும் கன்னியூவோடு குழப்பிக்கொண்டு வாங்குபவர்கள் நிறையப் பேர். விரலால் தட்டி ஓசை கேட்கும் சோதனை போர்சலினுக்குப் பொருந்தும். ஹகியும் ராக்குவும் முழுமையாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

புள்ளிகள் விஷயம். தேநீர் கன்னியூ வழியாக மண்ணுக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் நிறம் மாறுவதை ‘ஹகியின் ஏழு மாற்றங்கள்’ என்கிறார்கள். அந்த மாற்றம் விரிசல் கோடுகளைப் பின்பற்றும், பழுப்பு அல்லது தேன் நிறம் கொள்ளும், மணம் இருக்காது. பூஞ்சை அப்படி அல்ல. கோட்டை மதிக்காமல் வட்டப் புள்ளியாக, சாம்பல் அல்லது கறுப்பாக, ஈரம் கடைசியாக உலரும் அடிப்பகுதியில் வரும். சூடான நீர் ஊற்றி மூக்கருகே கொண்டுபோங்கள், மூடிக்கிடந்த நிலவறை மணம் வந்தால் பூஞ்சைதான்.

பூஞ்சை என்றால்: பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, கிண்ணம் மூழ்கும் அளவு குளிர்ந்த நீர் விட்டு, மெதுவாகச் சூடேற்றுங்கள். தளதளவென்று கொதிக்க விடாமல் 10 முதல் 15 நிமிடம் மெல்லிய கொதியில் வைத்து, அந்த நீரிலேயே ஆற விடுங்கள். போகவில்லை என்றால் ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளை, அதாவது சோடியம் பெர்கார்பனேட்டை, 40–50 டிகிரி நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்து, பிறகு இரண்டு நாள் நல்ல நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். குளோரின் வெளுப்பான் வேண்டவே வேண்டாம். அதன் உப்பு துளைகளுக்குள் தங்கி, உலரும்போது படிகமாகி, கிளேஸை உள்ளிருந்து தள்ளும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. பழுது பார்த்த கிண்ணத்தையும் தங்க வேலை உள்ளதையும் இப்படிக் கொதிநீரில் இடக் கூடாது. மயிரிழை விரிசல் உள்ளதும் சூட்டில் விரிந்து போகலாம்.

அன்றாடப் பயன்பாட்டில் ஒரே ஒரு பழக்கம் போதும்: தேநீர் கலக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் 10–20 நிமிடம் ஊறவைப்பது. துளைகளில் ஏற்கெனவே நல்ல நீர் நிறைந்திருந்தால் தேநீர் ஒரேயடியாக உள்ளே இறங்காது. குடித்ததும் வெந்நீரில் கையாலேயே கழுவுங்கள். சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சி அடுத்த தேநீரில் திருப்பித் தரும்.

உலர்த்துவதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். துணிமேல் கவிழ்த்து வைத்தால் உள்ளே ஈரக்காற்று அடைபடும். கம்பி அல்லது மூங்கில் சட்டத்தின் மேல் அடிவளையம் மேலே தெரியும்படி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கையால் தொட்டு உலர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், தராசில் வையுங்கள். 312 கிராமுக்கு வந்தால்தான் உலர்ந்தது. அதுவரை பெட்டிக்குள் போகக் கூடாது.

---

செம்பாறை

ராக்கு பற்றி. இடுக்கித் தடம் நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டும் போதாது. கறுப்பு ராக்குவைத் திகிரியில் (குயவர் சக்கரத்தில்) சுற்றுவதில்லை. கையால் உருட்டி எழுப்பி, பிறகு கத்தியால் செதுக்குவார்கள். கிளேஸ் உருகியதும் செந்தணலாக இருக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுப்பார்கள். சட்டென்று ஆறுவதால்தான் அந்தக் கறுப்பு. உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரே மையத்தைச் சுற்றி வரிவரியாகத் திகிரித் தடம் தட்டுப்பட்டால் அது ராக்கு முறையில் செய்தது அல்ல, கறுப்பு கிளேஸ் பூசிய வேறு வகை. அதே இடுக்கி உத்தி மினோ பகுதியின் செட்டோகுரோ என்ற கறுப்புக் கிண்ண வகையிலும் உண்டு, அது திகிரியில் செய்து உயர் வெப்பத்தில் சுட்டது, கையில் கனமாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. செம்பு நிறப் பளபளப்பு, வானவில் மினுமினுப்பு, வெள்ளைக் கிளேஸில் கரிக்கோடுகள் இருந்தால் அது 1960களில் அமெரிக்காவில் உருவான ராக்கு. சூளையிலிருந்து எடுத்து மரத்தூளில் புகைப்பார்கள். பெயர் ஒன்று, பொருள் வேறு. அதில் குடிக்கவே கூடாது, அலமாரி அழகுக்கு மட்டும்.

ஈயம் குறித்து நேராகவே சொல்கிறேன். பழைய சிவப்பு ராக்கு கிளேஸிலும், கியோட்டோ பாணி மேற்பூச்சு வண்ணங்களிலும் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. வீட்டில் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சி மேற்பரப்பில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும், எவ்வளவு கரைந்து பானத்தில் இறங்குகிறது என்று காட்டாது. அதற்கு ஆய்வகத்தில் 4 சதவீத அசெட்டிக் அமிலம் நிரப்பி, 24 மணி நேரம் வைத்து அளக்க வேண்டும். அன்றாடம் ஒரே கிண்ணத்தில் குடிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் சோதனை செய்வது சரி. குழந்தைகளும் கருவுற்றவர்களும் சோதிக்காத பழைய வண்ணக் கிண்ணத்தில் குடிக்க வேண்டாம். உங்கள் மூன்றாவது கிண்ணத்தில் வண்ணம் வெளியே மட்டும் இருப்பது நல்லது. ஆனால் வாய் வைக்கும் விளிம்பை ஒட்டி ஒரு செ.மீ.க்குள் வண்ணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள், உதடு அங்கேதான் படும். எலுமிச்சை, தயிர், புளிப்புப் பழம் எதையும் இவற்றில் வைக்காதீர்கள். ஒரிபே என்ற கிண்ண வகையின் பச்சைக்கும் இதே விதி, அந்தப் பச்சை செம்பிலிருந்து வருவது.

ராக்குவில் குடிப்பதன் சுகமே வேறு. மண் நுண்துளையாக இருப்பதால் சூடு மெதுவாகத்தான் கைக்கு வரும். போர்சலின் கிண்ணத்தை இரு உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தால் சுடும், இதில் இதமாக இருக்கும். தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவும் குயவர் சோஜிரோவும் 16ஆம் நூற்றாண்டில் இந்த வடிவத்தைக் கையை மனத்தில் வைத்தே தீர்மானித்தார்கள் என்பது ஒருமுறை ஏந்தினால் புரிந்துவிடும். அதனால்தான் இதை அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கும். 5 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, 80 டிகிரிக்கு மேற்படாத நீரில் கலக்குங்கள். கொதிக்கவைப்பது, மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம் மூன்றும் கூடாது.

---

கூழாங்கல்

இருவருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன். ஹகி அடிவளையம் சீராகவே கருக்கிறது, கோடு இல்லை. 20 நிமிடம் ஊறிய பின் 331 கிராம். மூன்றாம் நாள் 313, நான்காம் நாள் 312. புள்ளிகள் சூடான நீரில் மணக்கின்றன, ஆகவே பூஞ்சைதான். ராக்குவின் உட்புறத்தில் திகிரித் தடம் இல்லை. ஈரமண் அவர்களே, ஹகியை அரிசிக் கஞ்சியில் கொதிக்கவைத்தால் கசிவு நிற்கும் என்று படித்தேன். செய்யலாமா?

---

ஈரமண்

நான்காம் நாளுக்குள் உலர்கிறது என்றால் நல்ல நிலைதான். அதே எண்ணை மழைக்காலத்தில் எதிர்பார்க்காதீர்கள், ஒரு வாரமும் ஆகும்.

கஞ்சி முறைக்கு ‘மெதோமே’ என்று பெயர். கழுநீரையோ நீர்த்த கஞ்சியையோ ஊற்றி, மெல்லிய தீயில் 20–30 நிமிடம் வைத்து, அதிலேயே ஆறவிட்டுக் கழுவுவார்கள். மாவுச்சத்து துளைகளை அடைக்கும். ஆனால் அதே மாவுச்சத்து பூஞ்சைக்குச் சோறு. உங்கள் கிண்ணத்தில் ஏற்கெனவே பூஞ்சை இருக்கிறது, ஆகவே இப்போது செய்யாதீர்கள். சொட்டுச் சொட்டாக மேசையில் நீர் தேங்கினால்தான் மெதோமே தேவை. அடி ஈரப்பதமாவது மட்டும் என்றால் தேநீரே சில மாதங்களில் அந்த வேலையைச் செய்யும், நிறமும் அழகாக மாறும். கடையில் விற்கும் சிலிக்கான் வகை நீர்த்தடுப்புப் பூச்சு பூசினால் அந்த மாற்றமே நின்றுவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

---

பொன்னிழை

சில்லு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

தங்கப் பூச்சு வைத்துச் சரிசெய்யும் வேலைக்கு அடிப்படை உருஷி. அதைத் தமிழில் அரக்கு என்று எழுதிவிடுகிறோம். அரக்கு பூச்சி தருவது, உருஷி மரத்தின் பால். இந்த வேறுபாடு வேலையில் முக்கியம். உருஷி மரமும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம், பச்சை (இறுகாத) உருஷி தோலில் பட்டால் அதேபோலத் தடித்துப் புண்ணாகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது இறுகுவதற்கு உலர்ந்த காற்று கூடாது, ஈரம் வேண்டும்: 20–28 டிகிரி, 70–85 சதவீத ஈரப்பதம். மூடிய அட்டைப்பெட்டிக்குள் ஈரத்துணி வைத்து அந்த நிலையை உண்டாக்குவார்கள்.

அரிசிமணிச் சில்லு என்றால் ஒட்டுவதற்கு எதுவுமில்லை, நிரப்பினால் போதும். உடைந்த முகத்தில் பச்சை உருஷியை மெல்லத் தடவித் துடைத்து இறுகவிட வேண்டும். பிறகு தொனோகோ என்ற நுண்மண் தூளைச் சிறிது நீரில் குழைத்து, உருஷி சேர்த்துப் பசையாக்கி, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்குமேல் போகாமல் நிரப்ப வேண்டும். தடிமனாக வைத்தால் மேல்தோல் இறுகி உள்ளே பச்சையாகவே நிற்கும், பிற்பாடு பெயர்ந்து வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் சில நாள் விட்டு, நீர் தொட்டுத் தேய்த்துச் சமன்செய்து, கறுப்பு உருஷி, அதன்மேல் சிவப்பு உருஷி மெல்லிய படலமாகப் பூசி, அது பாதி இறுகி ஒட்டும் பதத்தில் தங்கத்தூள் தூவ வேண்டும். சிறு சில்லுக்கே ஒன்று முதல் இரண்டு மாதம் பிடிக்கும்.

ஒரு வாரத்தில் முடியும் என்று விற்கும் பெட்டிகளில் இருப்பது எப்பாக்சியும் பித்தளைத் தூளும். விளிம்பில் உதடு படும் இடத்துக்கு அது வேண்டாம். உங்களுடையது நீர் உறிஞ்சாத கெட்டியான மண்ணாக இருந்தால் கறை பயமில்லை. ஹகி போன்ற உறிஞ்சும் கிண்ணமாக இருந்தால் உடைப்பைச் சுற்றி மறைப்புப் பூச்சு இட்ட பிறகே உருஷியைத் தொட வேண்டும், இல்லையேல் காபி கொட்டியதுபோல் பழுப்பு வட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பழுது பார்த்த பின் நெடுநேரம் ஊறவைப்பது கூடாது. வெயில் நேராக விழும் இடமும் ஆகாது, புற ஊதாக் கதிர் உருஷியை மங்கவைத்துப் பொடியாக்கும். தங்கக் கோடு ஏற்கெனவே இருப்பதால் மைக்ரோவேவில் பொறி பறக்கும் என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

---

தாழ்வாரம்

வைக்கும் இடம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ததாமி இல்லை என்று தயங்க வேண்டாம். 1872இல் கியோட்டோ கண்காட்சிக்காக உராசென்கே என்ற தேநீர்ப் பள்ளியின் 11ஆம் தலைவர் கெங்கென்சாய் நாற்காலி, மேசை வைத்துத் தேநீர் தரும் ரியூரெய் முறையை வகுத்தார். மேசையில் வைத்துக் குடிப்பது மரபுக்குள் ஏற்கெனவே உள்ளதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடிவளையத்தின் கிளேஸ் இல்லாத மண் மரமேசையைக் கீறும். அதைத் தேய்த்து வழவழப்பாக்கி விடாதீர்கள். யார் செய்தது, எப்படிச் சுட்டது என்று படிக்க உதவும் முக்கியமான இடம் அது. ஒரு சிறு துணியைக் கீழே விரித்தால் போதும்.

திறந்த அலமாரி என்றால் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மாட்சா கிண்ணத்தின் அழகில் பாதி உள்ளே இருக்கிறது: அடியில் தேநீர் தேங்கும் சிறு குழி, தேநீர் கலக்கும் மூங்கில் மத்து உரசும் சுவர். கண்ணுக்கு மேலே வைத்தால் வயிறு மட்டும்தான் தெரியும். முகப்பு எது என்று பார்த்து, அதைப் பார்வையாளர் பக்கம் திருப்பி வையுங்கள். பூவேலையில் இது எளிது. ஹகியில் நிறம் மாறும் இடமோ கிளேஸ் வழிந்த இடமோ முகப்பாக இருக்கும். மூன்றையும் வரிசையாக அடுக்காமல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கோடையில் அகன்ற தட்டைக் கிண்ணம், கடுங்குளிரில் சூடு தங்கும் உருளைக் கிண்ணம் என்று பருவத்துக்கு மாற்றுவது பழைய வழக்கம்தானே.

சறுக்காமலிருக்க மெழுகுப் பசை ஒட்டுகிறார்கள். உறிஞ்சும் மண்ணில் அதன் எண்ணெய் இறங்கி அடியில் கறை வட்டம் விழும். ஜப்பானிய அருங்காட்சியகங்களில் நிலநடுக்கத்துக்காக மெல்லிய நைலான் நூலால் கட்டுவார்கள், அதைப் பின்பற்றலாம். அடுப்பங்கரை அலமாரி வேண்டாம், எண்ணெய்ப் புகை கன்னியூவுக்குள் போனால் எடுக்க வழியில்லை. சிறு செடி நடுவது, வறுத்த கொட்டைகள் போட்டு வைப்பது இரண்டும் அதே காரணத்தால் கூடாது.

பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். மூடி எழுத்தும் முத்திரையும் செய்தவருடையதாக இருந்தால் அது தொமோபாகோ. வேறொரு கிண்ணத்தின் பெட்டியைப் பொருத்தியிருந்தால் அவாசேபாகோ. கண்டுபிடிக்க எளிய வழி: அடிவளையத்தின் அருகே மண்ணில் குத்திய முத்திரையைப் பெட்டியின் எழுத்தோடும், சுற்றியிருக்கும் துணியில் முத்திரை இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். கிண்ணம் உள்ளே மிகவும் தளர்வாகவோ, அழுத்தினால்தான் மூடும்படியோ இருந்தால் சந்தேகப்படலாம். மூடியில் வெறும் ‘சாவான்’ என்று இருந்தால் குழம்பாதீர்கள். இன்றைய பேச்சில் அது சோற்றுக் கிண்ணத்தையும் குறிக்கும், ஆனால் மையெழுத்துப் பெட்டியில் பொதுவாகத் தேநீர்க் கிண்ணம்தான். பெட்டி செய்யும் பாவ்லோனியா மரம் ஈரக்காற்றில் ஊதி மூடி இறுகிக்கொள்ளும். நெம்பாமல் காற்று உலரும்வரை காத்திருங்கள்.

---

கூழாங்கல்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. வீட்டில் பாலை நுரைக்கும் சிறு மின்கருவி இருக்கிறது. மூங்கில் மத்துக்குப் பதில் அதை ராக்குவில் பயன்படுத்தலாமா?

---

செம்பாறை

வேண்டாம். ராக்கு கிளேஸ் மென்மையானது, சுழலும் கம்பிவளையம் அடியில் வட்டக் கீறல் போடும். கறுப்பில் அது உடனே தெரியும். அவசரமென்றால் வேறு கோப்பையில் நுரைத்து இதில் ஊற்றிக் குடியுங்கள். நேரமிருந்தால் நாரா அருகே தகயாமாவில் செய்யும் 80 இழை மூங்கில் மத்து ஒன்று போதும், சாசென் என்று கேளுங்கள். முதலில் ஒரு நிமிடம் வெந்நீரில் நனைத்தால் இழைகள் இளகும், ஒடியாது. 2 கிராம் தூளைச் சலித்துப் போட்டு, 70 மி.லி. நீர் விட்டு, அடியில் அழுத்தாமல் மணிக்கட்டால் முன்னும் பின்னும் 15–20 விநாடி அடியுங்கள். உங்கள் கிண்ணத்தின் வாய் 11.5 செ.மீ., கைக்குத் தாராளமாக இடமிருக்கும்.